இது புல் அல்ல

சுங்கச்சாவடியில் பேருந்து நின்றபோது
ஜன்னல் வழியே கை நீட்டி வாங்கினேன்,
ஒரு பொட்டலம் கொக்கித்தோ.
கோலிக்குண்டு அளவில் தேங்காய்.
அதே மூன்று கண், உள்ளே அதே வெள்ளைப் பருப்பு.
சொப்பு விளையாட்டுக்கென்று
யாரோ தேங்காயைச் சுருக்கிச் செய்தது போல.
வல்பரைசோ வந்து சேர்வதற்குள் பொட்டலம் தீர்ந்துவிட்டது.
மிச்சம் ஒன்பது.

எனக்கு வேலை குன்றேறும் கம்பி ரயிலில்.
மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி,
ஒன்று ஏற மற்றது இறங்கும்.
எண்பது நொடி.
ஒரு நாளில் நூறு முறையாவது
முடிந்துபோகிற வேலை.
அப்படிப்பட்டவளிடம் வந்து
எலியாசர் சொன்னான்:
"இந்தப் பனை காய்க்க அறுபது வருஷம் ஆகும், ஒட்டிலியா."
எனக்கு அப்போது நாற்பத்தொன்பது.
கூட்டிப் பார்த்துவிட்டு
பெயின்ட் டப்பாவைக் கழுவ உட்கார்ந்தேன்.

ஏன் என்று கேட்டால்,
இந்த மரத்தை வெட்டிக் கிடத்தி
தலையைச் சீவிச் சீவி
மாதக்கணக்கில் சாறு வடித்துக் காய்ச்சுவார்கள்.
அந்தப் பாகை ஊற்றித்தான்
சின்ன வயதில் எல்லா அப்பமும் தின்றேன்.
ஒரு மரமாவது என் வயிற்றில் இருக்கும்.

ஐந்து நாள் தண்ணீரில், தினமும் மாற்றி.
மணல் பாதி, பைன் பட்டைத் தூள் பாதி.
டப்பாவின் விளிம்பில் நீலம் போகவேயில்லை.
கொல்லையில், சரிவு மண்ணின்மேல் வைத்தேன்.

மார்ச் போனது. ஜூன் மழை போனது.
டப்பாவில் முளைத்தவை:
ஒரு தக்காளி, பெயர் தெரியாத இரண்டு களை.
ஒரு காலையில் பூனை வந்து இருந்துவிட்டுப் போயிருந்தது.
செப்டம்பரில் பட்டம் விடுகிற காற்று வந்து
ஊரே அண்ணாந்து பார்த்தது.
நான் குனிந்து பார்த்தேன்.

பதினோராம் மாதம் பொறுக்கவில்லை.
கரண்டியால் தோண்டினேன்.
ஒன்று பொக்கு. ஒன்று பூஞ்சை.
மூன்றாவதில் 'டக்' என்றது,
நகம் ஒடிகிற மாதிரி.
எடுத்துப் பார்த்தால்
ஒரு கண்ணிலிருந்து வெள்ளையாய் ஒரு விரல்,
கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது
பாதியில் முறிந்து.

மேலே வரும் வரும் என்று நான் பார்த்திருந்த நாளெல்லாம்
அது இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.
கீழ்ப்பெட்டியை மறந்துவிட்டு
மேல்பெட்டிக்குக் காத்திருந்தவள் நான்,
இருபத்தாறு வருஷ அனுபவத்தோடு.

முறிந்ததை என்ன செய்வதென்று தெரியவில்லை.
ஓட்டை உடைத்தேன்.
பருப்பைத் தின்று வளர்ந்த பஞ்சுப் பூ ஒன்று உள்ளே.
அதை நான் தின்றேன்.
இனிப்பாக இருந்தது.
சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மீதி ஆறைத் தொடவில்லை.

மறு ஏப்ரலில் ஓர் இலை.
இலை என்பது மரியாதைக்குச் சொல்வது.
பல் குத்தலாம், அவ்வளவு.
மற்ற ஐந்தைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள்.
எலியாசரைக் கூட்டிவந்து காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
நிதானமாகப் பார்த்தான்.
"புல்," என்றான்.

நான்காம் இலை விரிந்த வருஷம்
தோன் அனிபால் வீட்டை விற்றார்.
சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி வரப்போகிறதாம்.
எனக்கு மூன்று வாரம்.
கட்டில் போனது, அடுப்பு போனது,
கதவில்லாத அலமாரி போனது.
கடைசியாக டப்பாவைத் தூக்கினேன்.
வரவில்லை.
இரண்டு கையாலும் பிடித்தேன்.
துருவேறி அடி எப்போதோ கழன்றிருக்கிறது.
வேர் குன்றுக்குள் குடியேறிவிட்டது,
வாடகை பேசாமல்,
பத்திரம் எழுதாமல்.

இன்னும் கொஞ்சம் இழுத்தால் அந்தச் சத்தம் கேட்கும்.
எனக்கு அது தெரியும்.

கையை எடுத்துவிட்டேன்.

வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
பயணச்சீட்டு ஒன்றின் பின்பக்கம்
"இது புல் அல்ல" என்று எழுதி
குச்சியில் செருகி நட்டேன்.
அடியில் கொஞ்சம் இடம் இருந்தது.
அறுபது வருஷக் கணக்கை எழுதினால் சிரிப்பார்கள்.
மறுபடியும் ஹாரன்.
"சனிக்கிழமை தண்ணீர்" என்று மட்டும் சேர்த்தேன்.